கம்பம் பஸ்ஸில் போன சித்தியின் பல்

சிங்கப்பூரில் பஸ் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் கைப்பேசியைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் நிறுத்தத்தில், எந்த வண்டி எப்போது வரும், உட்கார இடம் இருக்கிறதா, நிற்க மட்டும்தான் இடமா என்பதுவரை கைப்பேசியே சொல்லிவிடும். அப்படியும் குறை சொல்வேன். ஏசி அதிகம் என்பேன். அப்படிப்பட்டவள் போன மாதம் தேனி பஸ் நிலையத்தில், நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன் என்றால் என் கணவரே நம்ப மறுக்கிறார். எனக்கு என்னவோ அந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

சித்தப்பா மகள் ஜெனிட்டாவின் கல்யாணத்துக்குத்தான் போனேன். அப்பாவின் சொந்த ஊர் போடி. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர். இதற்கு முன் வந்தபோதெல்லாம் மதுரையில் இறங்கியதும் கார் காத்திருக்கும். கம்பம் பள்ளத்தாக்கைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

சித்தப்பாவுக்குப் போடி கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி முழுக்க செருப்புகள், உள்ளே ஒரே இரைச்சல், ஏலக்காய் தட்டிப்போட்ட டீ வாசனை. ஜெனிட்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சித்தி மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வந்த இடத்தில் ஏதும் கெட்ட செய்தியோ என்று பயந்துபோனேன்.

கெட்ட செய்திதான். சில வாரங்களுக்கு முன் சித்தி போன பஸ்ஸுக்குக் குறுக்கே ஆட்டுமந்தை வந்துவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் சித்தி முன் சீட்டுக் கம்பியில் போய் மோதினார். ஆடுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. சித்திக்கு முன்பல் மூன்று போய்விட்டது.

வேறு யாருக்காவது போயிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. போடியில் எங்கள் சர்ச் சபையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பாடுவது சித்திதான். என் அம்மா இறந்த மறுவருடம் என் கல்யாணம் நடந்தபோதும் சிங்கப்பூருக்கே வந்து பாடினார். சொந்த மகளுக்கென்று தானே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார். அதில் அடிக்கு அடி ‘ஸ்தோத்திரம்’ வரும். பல் போன பிறகு அந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஒத்திகையில் பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருக்கிறார்கள். அன்றைக்கு மூடிய வாயைச் சித்தி அதன்பிறகு சாப்பிட மட்டும்தான் திறந்தாராம்.

“எம்பிள்ள கல்யாணத்துல நான் ஊமையா நிக்கப் போறேன்,” என்று தலைப்புக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

தேனியில் ஒரு பல் டாக்டர் அளவெடுத்து, போட்டுப் பார்த்து, கடைசி மெருகுக்காக வைத்திருந்தார். மறுநாள் போய் வாங்கி வருவதுதான் பாக்கி. சித்தப்பா அமர்த்தியிருந்த கார்களோ திசைக்கொன்றாக சொந்தக்காரர்களைக் கூட்டிவரக் கிளம்பக் காத்திருந்தன. பெரியகுளம் பக்கம் கெங்குவார்பட்டிக்கு ஒன்று, ஆண்டிபட்டிப் பக்கம் மயிலாடும்பாறைக்கு ஒன்று.

“நான் போறேன் சித்தப்பா. பஸ்லயே போயிட்டு வர்றேன்,” என்றேன்.

ஜெனிட்டாதான் தடுத்தாள். “அக்கா, உங்க ஊரு மாதிரி இல்லக்கா. இங்கன நாம நிக்கிற எடத்துல பஸ்ஸு நிக்காது. பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு நாம ஓடணும்.”

இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்தேன்.

மறுநாள் காலை போடி பஸ் நிலையத்தில் தேனி வண்டிக்காக ஒழுங்காக வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் நான் மட்டும்தான் இருந்தேன் என்பது வண்டி வந்த பிறகு தெரிந்தது. வண்டி திரும்பும்போதே மொத்த ஜனமும் பக்கவாட்டில் ஓடியது. ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே போனது, பிறகு குடை, டிபன் கேரியர், ஒரு கட்டு முருங்கைக்காய். உள்ளே இருந்தவர்கள் இன்னும் இறங்கக்கூட இல்லை. இடித்துப் பிடித்து நான் ஏறியபோது பாதி சீட்டில் மனிதரே இல்லை, ஆனால் உட்கார ஒரு இடம் கிடையாது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது குதூகலம். ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த வித்தை. சிங்கப்பூர் உணவங்காடியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் போதும், திரும்பி வரும்வரை ஒருவரும் அங்கே உட்கார மாட்டார். கோட்டும் சூட்டும் போட்ட ஆட்கள்கூட அந்தப் பாக்கெட்டுக்கு மரியாதை கொடுப்பார்கள். அங்கே டிஷ்யூ, இங்கே முருங்கைக்காய்.

முருங்கைக்காய்க்குச் சொந்தக்காரி பேச்சியம்மாள் என்ற அக்கா. தேனிச் சந்தைக்குப் போகிறவர். கட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பாதி சீட்டு கொடுத்தார். “எங்கிட்டுத்தா போற? பாத்தா அசலூரு மாதிரி இருக்க,” என்று ஆரம்பித்து, கோடாங்கிபட்டி வருவதற்குள் என் சம்பளம் தவிர எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார்.

கண்டக்டரிடம் நோட்டை நீட்டினேன். “லேடீஸுக்குக் காசில்ல,” என்றார்.

“வெளிநாட்டு லேடீஸுக்குமா?”

“லேடீஸ்னா லேடீஸ்தான். உள்ள தள்ளி உக்காருங்க.”

ஓசிப் பயணச்சீட்டைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் அட்டையைத் தட்டாமல் ஏறினால் என்ன ஆகும் என்று பேச்சியம்மாளுக்குச் சொன்னபோது, “அப்பறம் எதுக்கு அங்கன போயி இருக்க?” என்றார்.

தேனியில் புது பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். டாக்டரோ பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். நடுவில் ஓடும் டவுன் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது. முதல் வண்டி என்னைப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டாவது நின்றது, ஆனால் தெருவின் அந்தக் கோடியில். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அது கிளம்பிவிட்டது. மூன்றாவதில் ‘வீரபாண்டி’ என்று பலகை இருந்ததால் விட்டுவிட்டேன். நான்காவதிலும் வீரபாண்டி. படியில் தொங்கிய கண்டக்டரிடம் கேட்டால், “போர்டப் பாக்காதீக, என்னையக் கேளுங்க. காலையில போட்ட போர்டு அது,” என்றார். பழைய பஸ் நிலையம் போகும் வண்டிதான் அது. நான் விட்ட மூன்றாவதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

டாக்டரின் உதவியாளர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள். ரோஜா நிறத் தகட்டில் மூன்று பல் பளபளத்தன. அதைப் பார்த்ததும் தங்க நகையைக் கையில் வாங்கியதுபோல் ஒரு படபடப்பு. டப்பாவைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த துணிப்பையில் வைத்தேன். இரண்டு பக்கமும் பெரிய சிங்கத்தலை போட்ட பை அது. மேலே ஒரு கிலோ பன்னீர் திராட்சையையும் வாங்கி வைத்தேன்.

பிறகு ஒரு மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன், முழுசாக வாயில் போட்டால் முள்ளும் சேர்ந்து கரைந்துபோகும். இரண்டாம் முறை சோறு கேட்டபோது பரிமாறியவர், “சங்கடப்படாம சாப்பிடுங்க, குழம்பு நிறையக் கெடக்கு,” என்றார். வயிறும் நிறைந்து பல்லும் கையில் இருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி போடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

ஆட்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

புது பஸ் நிலையத்துக்கு நான் திரும்பி வந்தபோது இரண்டு வண்டிகள் ஒட்டினாற்போல் உள்ளே வந்தன. கூட்டம் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி, எக்கி, காலியான ஜன்னலோர சீட்டில் சிங்கப் பையை வைத்தேன். வைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி மாளாது. “போடி, போடி, போடி” என்று பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினேன், எதிரே படி இருந்தது, ஏறிவிட்டேன்.

உள்ளே போனால் என் ஜன்னலோர சீட்டில் ஒருவர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இது என் சீட்டு. பை போட்டிருந்தேன்,” என்றேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குழந்தையோடு எழுந்தார். “பை போட்டாகளாம், எந்திரிங்கப்பா, பாருங்க,” என்று பக்கத்து சீட்டையும் எழுப்பினார். ஆளாளுக்குக் குனிந்து தேடினார்கள். கூட்டத்தில் காலையில் பார்த்த பேச்சியம்மாளும் வெறும் கூடையோடு இருந்தார். அவர்தான் வெளியே கையைக் காட்டினார். “ஏத்தா, அந்தா போகுதே, அதுவா ஒம் பை?”

பார்த்தேன். பக்கத்து வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஜன்னலோரத்தில் என் சிங்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. பை போட்டது அந்த வண்டியின் ஜன்னலில், நான் ஏறியது இந்தப் போடி வண்டியில். அது கம்பம் வண்டி.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “பையில என்னம்மா இருந்துச்சு? நகையா?”

“இல்ல. பல்லு.”

“என்னது?”

“எங்க சித்தியோட பல்லு. நாளைக்கு அவங்க மகளுக்குக் கல்யாணம். பல்லு இருந்தாதான் பாடுவாங்க.”

யாரோ ஒருவர் சிரித்தார், அடுத்தவர் சிரித்தார், குழந்தை வைத்திருந்தவர் குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வாயிலிருந்து வந்தது சிரிப்புதான். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “ஏலே, சிரிக்கிறீகளே, ஒரு பொம்பள, தான் பெத்த பிள்ள கல்யாணத்துல வாயத் தொறக்க முடியாம நிக்கணுமா? போனப் போடுய்யா,” என்று கண்டக்டரை அதட்டினார்.

கண்டக்டர் போட்டார். கம்பம் வண்டிக் கண்டக்டர் எடுக்கவில்லை. “டிக்கெட் போட்டுக்கிட்டு இருப்பான். அந்தா நிக்கிற குமுளி வண்டியும் கம்பம் வழிதான், நீங்க அதுல ஏறிப் போங்க, நான் விடாம அடிக்கிறேன். போடியில எங்கிட்டு இருக்காக உங்க சித்தி?” என்றார். சொன்னேன். “பாட்டுப் படிப்பாகளே, அந்த ஜவுளிக்கடை அக்காவா? மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று சித்தப்பாவின் எண்ணையும் என் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

குமுளி வண்டியில் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது. எனக்கு முன்பே என் கதை அங்கே ஏறியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர், கேரளாவுக்கும் இங்கேயுமாக இருக்கிறவர், “பேடிக்கண்டா ஆத்தா, பயப்படாத, வண்டியில போன சாமான் எங்கிட்டும் போகாது,” என்று இரண்டு பாஷையிலும் தைரியம் சொன்னார். வீரபாண்டியில் கோயிலுக்கு வந்த கூட்டம் ஏறியது. கண்டக்டர் அவர்களுக்கும் விவரம் சொன்னார். ஒரு அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “கௌமாரி பாத்துக்கிருவா,” என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு இந்த நிலையில் யார் பார்த்துக்கொண்டாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே வயல், தென்னை, திராட்சைப் பந்தல், தூரத்தில் கூடவே வரும் மலை. எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு முன்னால் போகிற வண்டிகளின் பின்புறத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்கள் வண்டி ஆற அமர நின்றது. காலையில் எனக்காக நிற்காத நிறுத்தத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது நிற்கிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்காவது கடிக்கப் பல் இருந்தது.

சின்னமனூர் தாண்டியதும் போன் வந்தது. எங்கள் கண்டக்டர் ஸ்பீக்கரில் போட்டார். கம்பம் வண்டிக் கண்டக்டர் கடுப்பில் இருந்தார்.

“அந்தச் சிங்கம் போட்ட பையா? யாரு பைன்னே தெரியாம தேனியில இருந்து பாத்துக்கிட்டு வர்றேன். ஒரு ஆளு உக்காரல அந்தச் சீட்டுல. அம்புட்டுப் பேரும் நின்னுக்கிட்டு வர்றாக.”

“எடுத்து மடியில வச்சிட்டு உக்கார வேண்டியதுதான?” என்றார் எங்கள் கண்டக்டர்.

“எப்பிடி உக்காருவாக? பை போட்ட சீட்டு. சின்னமனூர்ல ஒரு வயசாளி ஏறுனாரு. உக்காருங்கன்னேன். ஆளு வந்தா சண்டையாகும்னு அவரும் நிக்கிறாரு.”

எங்கள் வண்டியில் ஒருவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்கள். தங்கள் கால் வலியைப் பொறுத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக ஒரு வண்டி ஜனமே நின்றுகொண்டு போகிறது. அந்த யாரோ ஒருத்தி நான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இரண்டு கண்டக்டர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடிக்கு ஒரு வண்டி உண்டு. பையை அதில் ஏற்றிவிட்டால் நேராகப் போடி போய்விடும். நானும் உத்தமபாளையத்தில் இறங்கி அதே வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம்.

நல்ல திட்டம்தான். நான் இறங்கியபோது அந்த வண்டி போய்விட்டிருந்தது. “இப்பத்தான் எடுத்தாக. உங்க பைய முன்னாடி டிரைவர் பக்கத்துல வச்சாக, நான் பாத்தேன்,” என்றார் வடைக் கடைக்காரர். சித்தப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஜெனிட்டாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? பருப்பு வடை இரண்டு வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை, தின்றுவிட்டேன்.

அடுத்த வண்டி வர வெயில் தாழ்ந்துவிட்டது. ஜன்னல் வழியே போட என்னிடம் இருந்தது கைப்பை மட்டும்தான், அதை இனி விடுவேனா? கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், சிலமலை என்று எல்லா ஊரையும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பார்த்தேன். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. பை போய்ச் சேரவில்லையென்றால் எந்த முகத்தோடு சித்தி முன்னால் நிற்பேன்?

போடியில் இறங்கிக் கடைத்தெருவுக்கு ஓடினால், கடை வாசலில் நின்ற சித்தப்பா என்னைப் பார்த்ததுமே, நான் பார்க்கக் கொடுத்துவைக்காத காட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். தேவாரம் வண்டி கடைக்கு நேர் எதிரே நடுத்தெருவில் நின்றிருக்கிறது. அங்கே எந்தக் காலத்திலும் எந்த வண்டியும் நின்றதில்லை. கண்டக்டர் இறங்கி, “பாட்டுக்கார அக்கா யாரு? பல்லு வந்திருக்கு,” என்று கூப்பிட்டிருக்கிறார். சித்தி கூச்சத்தில் தலைப்பை இழுத்துக்கொண்டு பையை வாங்கியிருக்கிறார். வண்டி கிளம்பவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

“போட்டுப் பாருங்கக்கா. பொருந்தலன்னா இந்த வண்டியே அடுத்து தேனிக்குப் போகுது, கையோட குடுத்து விட்டுருவோம்,” என்றாராம் டிரைவர்.

பின்னால் லாரிகளும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக் கூப்பாடு போட, சித்தி உள்ளே போய், கழுவி, மாட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மொத்த பஸ்ஸையும் பார்த்து, “ஸ்தோத்திரம்,” என்றிருக்கிறார். சுத்தமாக, கணீரென்று. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்ததாம்.

“திராட்சையும் வந்துச்சு. ஒண்ணுகூட நசுங்கல,” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை சர்ச் நிறைய ஆட்கள். சித்தி பாட எழுந்தார். முதல் அடியில் குரல் கொஞ்சம் நடுங்கியது. தகடு கழன்று வந்துவிடுமோ என்று அவரும் பயந்திருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எதையோ ஏந்துகிறவள்போல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தேனாம், பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். முதல் ‘ஸ்தோத்திரம்’ வந்தது. உறுதியாக வந்தது. அதோடு சித்திக்குப் பயம் போய்விட்டது. குரல் மேலே ஏறியது, மேலே ஏறி அங்கேயே நின்றது. காலையிலிருந்து நிமிர்ந்த தலையோடு இருந்த ஜெனிட்டா அந்த இடத்தில் உடைந்து அழுதாள். சித்தி பாட்டை நிறுத்தவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே கடைசி அடிவரை பாடினார். ஒத்திகையில் சிரித்த அந்தப் பெண்கள் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு படம், எங்களோடு ஒரு படம், சபையாரோடு ஒரு படம். எல்லாவற்றிலும் சித்தி வாய் கொள்ளாமல் சிரித்தார். போட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, ஒரே ஒரு படத்துக்கு மட்டும் கொஞ்சம் வாய மூடிக்கங்க.”

“அது முடியாதுய்யா,” என்றார் சித்தி. “நாந்தான் ஒரு மாசமா மூடியிருந்தேன்ல.”

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சிரித்தார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.